நீச்சல் குளத்தின் பம்ப் அறை: சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஒரு வழிகாட்டி

குளத்துத் தண்ணீர் கலங்கியதும் பலரும் தேடுவது குளோரின் வாளியை. முதலில் பார்க்க வேண்டியது ஃபில்டர் மேல் உள்ள பிரஷர் கேஜை. மணல் சுத்தமாக இருந்து தண்ணீர் போதிய நேரம் அதன் வழியே ஓடினால் மருந்துச் செலவு பாதியாகக்கூடக் குறையும். ஓட்டமே இல்லாத குளத்தில் எவ்வளவு மருந்து கொட்டினாலும் சில நாளில் பாசி பிடித்துவிடும்.

தண்ணீர் போகும் பாதையை ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்துவிடுங்கள். மேல்மட்டத் தண்ணீரை இழுக்கும் ஸ்கிம்மர், அடியில் உள்ள மெயின் டிரெயின், அழுக்கை உறிஞ்சும் ஹோஸை மாட்டும் வேக்யூம் பாயிண்ட் ஆகிய மூன்றும் தனித்தனி வால்வோடு பம்புக்கு வரும். பம்பின் முன்னால் கண்ணாடி மூடி போட்ட கூடை, அதாவது ஸ்டிரெய்னர், முடியையும் இலையையும் பிடித்து வைக்கும். அதைத் தாண்டியதும் பம்ப், தண்ணீர் போகும் திசையை மாற்றும் கைப்பிடி உள்ள மல்டிபோர்ட் வால்வு, மணல் ஃபில்டர். வடிந்த தண்ணீர் சுவரில் உள்ள ரிட்டர்ன் வாய்கள் வழியாகக் குளத்துக்குத் திரும்பும். ஒவ்வொரு வால்விலும் பெயின்டால் பெயர் எழுதி வையுங்கள். வேலைக்காரர் மாறினாலும் குழப்பம் வராது.

அளவு பொருந்துகிறதா?

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.3 மீட்டர் என்றால் சுமார் 42,000 லிட்டர். வீட்டுக் குளத்தில் 6 மணி நேரத்துக்குள், விடுதிக் குளத்தில் 4 மணி நேரத்துக்குள் முழுத் தண்ணீரும் ஒருமுறை ஃபில்டரைக் கடக்க வேண்டும். மணிக்கு 10,000 லிட்டர் தள்ளும் பம்ப் இரண்டுக்கும் ஏறக்குறையச் சரியாக வரும். பைப் நீளம் அதிகமில்லாத இடத்தில் இது 1 எச்.பி. வேலை. இதற்கு 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஃபில்டர் போதும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, “பவர் அதிகம் இருந்தால் நல்லது” என்று 2 எச்.பி. மோட்டாரை மாட்டுவது. தண்ணீர் வேகமாகப் போகப் போக நுண்ணிய அழுக்கை மணல் பிடிக்காது. அது அப்படியே குளத்துக்குத் திரும்பிவிடும். மோட்டாரைப் பெரிதாக்க நினைத்தால் ஃபில்டரையும் சேர்த்துப் பெரிதாக்குங்கள்.

பேக்வாஷ்

புது மணலோ நன்றாகக் கழுவிய மணலோ உள்ளபோது கேஜ் காட்டும் எண்ணை ஃபில்டர் பக்கத்துச் சுவரில் எழுதி வையுங்கள். பல குளங்களில் அது சதுர சென்டிமீட்டருக்கு 0.6 முதல் 0.8 கிலோவுக்குள் இருக்கும். அந்த எண்ணைவிட அரை கிலோ ஏறினால் பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுதல், செய்ய வேண்டும். வாராவாரம் வழக்கத்துக்காகச் செய்யத் தேவையில்லை. லேசாக அழுக்கு சேர்ந்த மணல்தான் இன்னும் நன்றாக வடிகட்டும். அடிக்கடி கழுவினால் தண்ணீரும் வீண், தெளிவும் குறையும்.

முதலில் பம்பை நிறுத்துங்கள். பம்ப் ஓடும்போது மல்டிபோர்ட் கைப்பிடியைத் திருப்பவே கூடாது. உள்ளே தண்ணீர்ப் பாதைகளைப் பிரிக்கும் ரப்பர், அதாவது ஸ்பைடர் கேஸ்கெட், ஒரே தடவையில் பிய்ந்துவிடும். கைப்பிடியை அழுத்தி பேக்வாஷுக்குத் திருப்பி, வேஸ்ட் பைப்பின் வால்வைத் திறந்து, பம்பைப் போடுங்கள். பக்கத்துக் கண்ணாடிக் குமிழில் பழுப்புத் தண்ணீர் தெளியும் வரை, பெரும்பாலும் 2 முதல் 3 நிமிடம், ஓடட்டும். பம்பை நிறுத்தி ரின்ஸுக்கு மாற்றி அரை நிமிடம் ஓட்டுங்கள். மறுபடி நிறுத்தி ஃபில்டருக்கு வாருங்கள். ரின்ஸைத் தவிர்த்தால் மணல் மேல் மிச்சமிருக்கும் அழுக்கு நேராகக் குளத்தில் வந்து விழும். “பேக்வாஷ் செய்த பிறகுதான் கலங்குகிறது” என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இந்த ஒரு கழுவலில் சுமார் 600 லிட்டர் வெளியேறும். சேலத்தின் கோடையில் அது சின்னக் கணக்கல்ல. அந்தத் தண்ணீரை ஒரு குழியில் இரண்டு, மூன்று நாள் வெயிலில் நிறுத்தி, குளோரின் போன பிறகு தென்னைக்கு விடலாம். ஏற்காட்டில் ஓடையிலோ காபிச் செடிகளின் அடியிலோ நேராகத் திறந்துவிடாதீர்கள்.

கேஜ் பேசும் மற்ற விஷயங்கள்

பிரஷர் வழக்கத்தைவிடக் குறைந்தால் ஸ்டிரெய்னர் அடைத்திருக்கும், அல்லது பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் சக்கரத்தில் முடி சுற்றியிருக்கும். ரிட்டர்ன் வாயில் குமிழ் வந்தால் உறிஞ்சும் பக்கத்தில் காற்று நுழைகிறது. முதல் சந்தேகம் ஸ்டிரெய்னர் மூடியின் ரப்பர் வளையமான ஓ-ரிங், அடுத்தது ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே இறங்கிய தண்ணீர் மட்டம். ஓ-ரிங்குக்கு வாசலின் தடவாதீர்கள். சில வகை ரப்பர் அதில் ஊதிப்போகும். சிலிக்கான் கிரீஸ் வாங்குங்கள். ஃபில்டர் நிலையில் ஓடும்போதே வேஸ்ட் பைப்பில் தண்ணீர் கசிந்தால் ஸ்பைடர் கேஸ்கெட் போய்விட்டது. குளத்தின் அடியில் மணல் தென்பட்டால் ஃபில்டருக்குள் மணலுக்கு அடியில் தண்ணீரைச் சேகரிக்கும் லேட்டரல் குழாய் உடைந்திருக்கிறது.

பேக்வாஷ் முடித்தும் பிரஷர் இறங்காவிட்டால் மணல் கட்டி தட்டிவிட்டது. சேலத்தில் இதை அதிகம் கவனிக்க வேண்டும். வெள்ளைக்கல் எனப்படும் மாக்னசைட் கிடைக்கும் வட்டாரம் இது. பல இடங்களில் போர் தண்ணீர் கடினமானது. பி.எச்., அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண், 7.8-ஐத் தாண்டினால் கரைந்திருக்கும் சுண்ணாம்பு மணலிலும் டைல்ஸிலும் படியத் தொடங்கும். கால்சியம் கடினத்தன்மை 400 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு) கீழே இருக்கட்டும். முடிந்தால் மேட்டூர்த் தண்ணீரைக் கலந்து நிரப்புங்கள். கடினத் தண்ணீர்க் குளத்தில் கால்சியம் கலந்த குளோரின் மருந்துகளான பிளீச்சிங் பவுடரும் கால்சியம் ஹைப்போவும் மேலும் சுண்ணாம்பைச் சேர்க்கும். அங்கே திரவக் குளோரின் மருந்தான சோடியம் ஹைப்போவே நல்லது. 42,000 லிட்டரில் 1 பிபிஎம் ஏற்ற 10 சதவீதக் கரைசல் சுமார் 420 மில்லி வேண்டும். வெயிலில் அதன் வீரியம் சீக்கிரம் இறங்கும், எனவே பத்து நாளுக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள்.

மணலை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றலாம். 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர் வரையிலான சலித்த சிலிகா மணல் வேண்டும்; ஆற்று மணல் உதவாது. தொட்டியில் பாதி தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் மணலைக் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் விழும் எடையில் லேட்டரல் உடையும்.

மலையில் வேறு கணக்கு

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 10.3 மீட்டர் தண்ணீரைத் தாங்கும். அங்கே சுமார் 8.6 மீட்டர்தான். பம்பைக் குளத்துக்கு மேலே வைத்தால் தண்ணீர் பிடிக்கத் திணறுவது இதனால்தான். சரிவில் பம்ப் அறையைக் குளத்துக்குக் கீழே வைப்பதே சிறந்தது. ஆனால் அங்கே ஸ்டிரெய்னர் மூடியைத் திறக்கும் முன் உறிஞ்சும் வால்வு, ரிட்டர்ன் வால்வு இரண்டையும் மூடியாக வேண்டும். மறந்தால் குளமே அறைக்குள் இறங்கி மோட்டாரை மூழ்கடிக்கும்.

சில்வர் ஓக் இலை கொட்டும் மாதங்களில் ஸ்கிம்மர் கூடையைக் காலையும் மாலையும் காலி செய்யுங்கள். மழைக்குப் பின் சேறு இறங்கினால் படிகாரம் போட்டு, பம்பை இரவு முழுக்க நிறுத்தி, காலையில் அடியில் படிந்ததை வேக்யூம் செய்யுங்கள். அப்போது மல்டிபோர்ட் ‘வேஸ்ட்’ நிலையில் இருக்கட்டும். ஃபில்டர் வழியாக விட்டால் மணல் ஒரே நாளில் அடைத்துவிடும். ஹோஸை இணைக்கும் முன் ரிட்டர்ன் வாயில் பிடித்துத் தண்ணீர் நிரப்பி, காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். ஹெட்டை மெதுவாக நகர்த்தினால்தான் அழுக்கு எழும்பாமல் உள்ளே போகும்.

மருந்து

பி.எச். 7.2 முதல் 7.6, குளோரின் 1 முதல் 3 பிபிஎம். பி.எச். 7.2-ல் குளோரினில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும். 8-ல் கால் பங்குதான். அதனால் முதலில் பி.எச்.-ஐச் சரிசெய்யுங்கள், பிறகு குளோரின். பி.எச்.-ஐக் குறைக்க ஆசிட் சேர்க்கும்போது ஆசிடைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், ஆசிடில் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது. டி.சி.சி.ஏ. எனப்படும் குளோரின் மாத்திரையும் கால்சியம் ஹைப்போ பவுடரும் ஒன்றோடொன்று பட்டால் தீப்பிடிக்கும்; அளக்கும் கரண்டியைக்கூடத் தனித்தனியாக வையுங்கள். ஆசிட் கேனையும் குளோரினையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். கலந்தால் நச்சு வாயு வரும்.

கரன்ட்டும் மூடியும்

மூன்று ஃபேஸ் லைனில் இ.பி. வேலை நடந்த பிறகு பம்ப் ஓடியும் பிரஷர் ஏறவில்லை என்றால் மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறதா என்று விசிறிப் பக்கம் பாருங்கள். இரண்டு ஃபேஸ் கம்பிகளை எலக்ட்ரீஷியன் மாற்றினால் சரியாகும். பம்ப் லைனுக்கும் குளத்து விளக்குக்கும் கரன்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். மெயின் டிரெயின் மூடி உடைந்திருந்தால் அன்றே பம்பை நிறுத்தி, குளத்தில் யாரையும் இறங்க விடாதீர்கள். உறிஞ்சும் வேகம் ஒரு குழந்தையின் கையையோ முடியையோ பிடித்துக்கொண்டால் பெரியவர் பலத்துக்கும் விடாது. புதுக் குளம் கட்டுபவர்கள் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு டிரெயின்களை ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்து ஒரே பைப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்றின் மேல் உடல் மூடினாலும் தண்ணீர் மற்றதன் வழியே வரும், பிடி விட்டுவிடும்.