வெளிநாட்டுப் பணத்தை டொலரில் விடுவதா, ரூபாயில் மாற்றுவதா: சமநிலை வீதக் கணக்கு

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் பல வீடுகளுக்கு வளைகுடாவிலிருந்து பணம் வருகிறது. ரூபாய் வைப்புக்கு 8%, டொலர் வைப்புக்கு 4% என்றதும் பலர் ரூபாயைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வட்டியை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

முதலில் சமநிலை வீதத்தை, அதாவது இரண்டு வைப்பும் ஒரே பலன் தரும் டொலர் விலையைக் கண்டுபிடியுங்கள். 1,000 டொலர் இருக்கிறது, வங்கியின் கொள்வனவு வீதம் (வங்கி நம்மிடம் ஒரு டொலரை வாங்கும் விலை) 300 ரூபாய் என்று வைப்போம். ரூபாயாக மாற்றி ஓராண்டு போட்டால் 3,24,000 ரூபாய். டொலரிலேயே விட்டால் 1,040 டொலர். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 311.54. ஓராண்டு கழித்துக் கொள்வனவு வீதம் இதற்கு மேலே போனால் டொலர் லாபம், கீழே நின்றால் ரூபாய் லாபம். வரி கழித்துக் கையில் வரும் வட்டியையே இந்தக் கணக்கில் போட வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு, மூன்று மாத வைப்புக்கும் ஆண்டு வட்டியை அப்படியே போடுவது. காலாண்டுக்கு 2%, 1% என்று எடுத்தால் சமநிலை 302.97தான். இன்னொன்று: திரும்ப டொலராகவே வேண்டுமென்றால் வங்கியின் விற்பனை வீதத்தில் வாங்க வேண்டும், அது கொள்வனவு வீதத்தைவிடக் கூடுதல். அந்த இடைவெளி வட்டி லாபத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ரியாலும் திர்ஹாமும் டொலரோடு கட்டப்பட்டவை என்பதால் அவற்றுக்கும் டொலர் கணக்கே போதும்.

கூடுதல் வட்டி ரூபாயின் சரிவை ஈடுகட்டும் என்பது கோட்பாடு. வங்கிகள் முன்னோக்கு வீதத்தை (பின்னொரு நாளில் டொலரை மாற்ற இன்றே பேசி வைக்கும் விலை) ஏறத்தாழ இந்தக் கணக்கில்தான் போடுகின்றன. ஆனால் சந்தை அதன்படி நடப்பதில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200ஐ ஒட்டியிருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. எந்த வைப்பு வட்டியும் அதை ஈடுகட்டியிருக்காது. 2023இல் நேர்மாறு: ரூபாய் வட்டியும் உயர்ந்திருந்தது, ரூபாயும் வலுப்பெற்றது. ரூபாயில் போட்டவர்களுக்கு இரண்டு பக்கமும் லாபம்.

ஆகவே முழுத் தொகையையும் ஒரே பக்கம் போடாதீர்கள். பள்ளிச் செலவு, வீட்டு வேலை என்று ஆறு மாதத்துக்குள் தேவைப்படுவது ரூபாயில் இருக்கட்டும். மிச்சத்தில் ஒரு பங்கைக் கட்டாயம் டொலரில் விடுங்கள். ஏனென்றால் தோட்டச் சம்பளம் ரூபாயில் நிர்ணயமானது, ஆனால் கோதுமை மாவும் எரிபொருளும் டொலரோடு ஏறுபவை. வைப்பை இடையில் உடைத்தால் வட்டி குறையும், அதனால் ஒரே வைப்பாகப் போடாமல் மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதமாகப் பிரித்துப் போடுங்கள்.