பச்சோந்திக்குத் தண்ணீர்க் கிண்ணம் வேண்டாம்

புதிதாக வந்த வெயில்டு (veiled) என்ற வளர்ப்புப் பச்சோந்திக்குத் தண்ணீர்க் கிண்ணம் வாங்காதீர்கள். ஒரு பிளாஸ்டிக் டம்ளரின் அடியில் குண்டூசியால் ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பி, கூண்டின் வலைக்கூரை மேல் வையுங்கள். 2 நொடிக்கு ஒரு சொட்டு வீதம் இலை மேல் விழ வேண்டும். வழிவதைப் பிடிக்கக் கீழே ஒரு தட்டு.

ஏமன், சவுதிப் பக்கத்து இனம் இது. இலையில் திரளும் துளியை நக்கிக் குடித்தே பழகியது. தேங்கிய நீரைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. மின்னி நகரும் சொட்டுதான் அதன் கண்ணில் படும். ஆள் பக்கத்தில் நின்றால் குடிக்கத் தயங்கும், அதனால் முதல் 2 வாரம் தொடாமல் எட்டி நின்றே பாருங்கள். குடிக்கிறதா என்பதை எச்சமே சொல்லிவிடும்: அதிலுள்ள கெட்டியான சிறுநீர்ப் பகுதி வெள்ளையாக இருந்தால் சரி, நல்ல ஆரஞ்சு நிறமானால் தண்ணீர் போதவில்லை.

கண் குழிவிழுந்திருந்தாலோ, பகலிலும் மூடியே கிடந்தாலோ டம்ளர் உதவாது. ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லிக்கு இந்தச் சொட்டு டம்ளர் தேவையில்லை, அது கிண்ணத்திலேயே குடிக்கும். அப்புறம், நம்மூர் வேலியில் திரியும் பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.