முட்டைக்கோஸுக்கு வலை கட்டுவது எப்படி? வெள்ளைப் பட்டாம்பூச்சியோடு ஒரு சமரசம்

லண்டன் புறநகரில் நகராட்சி வாடகைக்குத் தரும் தோட்டத் துண்டு ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. இங்கே அலாட்மென்ட் என்பார்கள். முதல் வருடம் மே மாதம் பன்னிரண்டு முட்டைக்கோஸ் நாற்று நட்டேன். புறா கொத்துகிறதே என்று ஒரு வலை வாங்கி, போர்வை போர்த்துவதுபோல் செடிகள்மேல் போட்டுவிட்டு, ஆகஸ்ட்டில் இரண்டு வாரம் ஊருக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் இலையே இல்லை, வெறும் நரம்புதான். சாப்பிட்டு ஒதுக்கிய மீன்முள் மாதிரி நின்றன பன்னிரண்டும். வலை மட்டும் போட்டது போட்டபடி, கிழியாமல் கிடந்தது.

பக்கத்துப் பாத்திக்காரர் பெரியவர். ஒன்றும் சொல்லாமல் வந்து வலையை விரலால் அழுத்தி, அது இலையைத் தொடும் இடத்தைக் காட்டினார். பட்டாம்பூச்சி உள்ளே போகவே தேவையில்லை. வெளியே உட்கார்ந்தபடி வயிற்று நுனியை வளைத்து, வலைக்கண் வழியாக இலையில் முட்டை இட்டுவிடும். இந்தப் பதிவில் வேறு எதை மறந்தாலும் சரி, வலை இலையைத் தொடக்கூடாது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

யார் வருகிறார்கள் என்று பாருங்கள்

இங்கிலாந்துத் தோட்டங்களில் முக்கியமாக இரண்டு. பெரிய வெள்ளை, சிறிய வெள்ளை. பெரிய வெள்ளைக்கு முன்னிறகு நுனியில் அடர்ந்த கறுப்பு. இலைக்கு அடியில் மஞ்சள் முட்டைகளைக் கூட்டமாக, சில சமயம் நூறு வரைகூட, நெருக்கி வைக்கும். புழு மஞ்சளும் கறுப்புமாக, மெல்லிய மயிரோடு இருக்கும். ஒளிந்துகொள்ளாது, பந்தியில் உட்கார்ந்த மாதிரி கூட்டமாகத் தின்னும். சிறிய வெள்ளை அப்படி இல்லை. முட்டையை ஒன்றொன்றாக இடும். புழு இலையின் அதே பச்சையில், வெல்வெட் துணிபோல் இருக்கும். நடு நரம்போடு ஒட்டிக்கொண்டால் கண்ணுக்கே தெரியாது. கடைசியில் முட்டைக்கோஸின் நடுக்குருத்துக்குள் போய்விடும். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய திருடன்.

இவற்றுக்கு நம் செடி எப்படித் தெரிகிறது? முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பிராக்கோலி, கேல், நூல்கோல் எல்லாமே கடுகுக் குடும்பம். கடுகின் காரத்துக்குக் காரணமான சேர்மங்கள் இவற்றின் இலையிலும் உண்டு. மற்றப் பூச்சிகளை விரட்டத்தான் செடி அதை வைத்திருக்கிறது. இந்தப் பட்டாம்பூச்சிக்கோ அதுவே விருந்து அழைப்பு. இலையில் இறங்கியதும் முன்கால்களால் தட்டித் தட்டிச் சுவை பார்த்துவிட்டுத்தான் முட்டை இடும். புழுவும் அப்படித்தான். வெர்ஷாஃபெல்ட் என்ற டச்சு ஆய்வாளர் 1910-லேயே, புழு தொடாத வேறு இலைகளில் இந்தச் சேர்மத்தைத் தடவினால் அவற்றையும் தின்னும் என்று காட்டினார்.

வலை வாங்கும்போது

வலைக்கண் 7 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. புறாவுக்கென்று விற்கும் பெரிய கண் வலையில் சிறிய வெள்ளை இறகை மடக்கி நுழைந்துவிடும். கொசுவலை மாதிரி 1.3 மில்லிமீட்டர் அளவில் நெருங்கிய வலையும் கிடைக்கிறது. விலை கூடுதல்தான், ஆனால் வேரைத் தின்னும் புழுக்களுக்குத் தாயான ஈயையும் தடுக்கும். நான் இப்போது இதைத்தான் போடுகிறேன்.

கூண்டு கட்டுவது

என் பாத்தி 1.2 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் நீளம். தேவையானவை: தண்ணீர் இணைப்புக்குப் போடும் 20 மி.மீ. நீலக் குழாய், 60 செ.மீ. நீள இரும்புக் கம்பி பத்து, 3 மீட்டருக்கு 5 மீட்டர் வலை.

குழாயை 2.5 மீட்டர் துண்டுகளாக ஐந்து வெட்டுங்கள். பாத்தியின் இரு ஓரங்களிலும் 60 செ.மீ.க்கு ஒரு கம்பி, பாதி மண்ணுக்குள் போகும்வரை அடியுங்கள். குழாயின் ஒரு முனையை ஒரு கம்பியில் செருகி, வளைத்து, மறுமுனையை எதிர்க் கம்பியில் செருகுங்கள். குழாய் முறைத்துக்கொண்டு முகத்தில் அடிக்கப் பார்க்கும், அதனால் முதல் வளைவுக்கு மட்டும் யாரையாவது துணைக்குக் கூப்பிடுங்கள். ஐந்தும் நின்றதும் மாட்டுவண்டிக் கூண்டு மாதிரி இருக்கும். நடு உயரம் ஏறத்தாழ 90 செ.மீ. முட்டைக்கோஸுக்கு இது தாராளம். பிரஸ்ஸல்ஸ் ஸ்பிரவுட்டும் உயர் ரகக் கேலும் இதைத் தாண்டி வளரும். அவற்றுக்கு நீளமான மூங்கில் குச்சிகளை நட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் சிறு பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் வலையை இழுத்துக் கட்டுங்கள். தொட்டி இல்லாவிட்டால் குச்சி முனை வலையைக் குத்திவிடும்.

ஓரச் செடிகளை விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி நடுங்கள். இலை விரியும்போது வலையில் முட்டாமலிருக்க அந்த இடம் வேண்டும்.

வலையை மேலே போட்டதும் நன்றாக இழுத்துவிடுங்கள். தொளதொளவென்று கிடந்தால் பறவையும் முள்ளெலியும் சிக்கிச் சாகும். இரண்டு பக்கமும் 25 செ.மீ. போல மிஞ்சும். ஒரு பக்கத்தை மண்ணில் புதைத்துவிடுங்கள். மறுபக்கம் நீங்கள் உள்ளே கைவிட வேண்டிய பக்கம், அதைப் பலகையோ செங்கலோ வைத்து அழுத்தினால் போதும். விளிம்பில் இடைவெளி விட்டால் அவ்வளவுதான். பட்டாம்பூச்சி நடந்தே உள்ளே போய்விடும்.

மகரந்தச் சேர்க்கைக்குத் தேனீ வரவேண்டாமா என்று ஒருவர் கேட்டார். நாம் சாப்பிடுவது இலையும் மொட்டும்தான், காய் அல்ல. அதனால் நட்ட அன்றிலிருந்து அறுவடை வரை மூடியே வைக்கலாம்.

மூடுவதற்கு முன் ஒரு சோதனை

இரண்டாம் வருடம் கூண்டு அருமையாக அமைந்தது. ஆனால் வாங்கிவந்த நாற்றிலேயே முட்டை இருந்திருக்கிறது. குருவி கொத்தாத, மழை அடிக்காத மாளிகைக்குள் புழுக்கள் சுகமாக வளர்ந்தன. எனவே நடுவதற்கு முன் ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் முட்டை தெரிந்தால் கட்டைவிரலால் நசுக்குங்கள், அல்லது ஈரத்துணியால் துடையுங்கள்.

நட்ட பிறகும் வாரம் இரண்டு முறை வலையைத் தூக்கிப் பார்க்கவேண்டும், முக்கியமாக ஜூலை, ஆகஸ்ட்டில். அடிப்புறம் பாருங்கள், நடுக்குருத்தைப் பாருங்கள். புழு தெரியாவிட்டாலும் கரும்பச்சைக் கழிவு உருண்டைகள் தெரியும். அதற்கு மேலே தேடினால் ஆள் அகப்படுவார்.

எதைக் கொல்லக்கூடாது

சில நாள் ஒரு செத்த புழுவைச் சுற்றி அட்சதை தூவியதுபோல் சின்னச் சின்ன மஞ்சள் கூடுகள் ஒட்டியிருக்கும். பட்டாம்பூச்சி முட்டை என்று நினைத்து எத்தனையோ முறை நசுக்கியிருக்கிறேன். உண்மையில் அவை ஒரு சின்னக் குளவியின் கூடுகள். அது இளம் புழுவுக்குள் முட்டை இடும். குளவிக் குஞ்சுகள் உள்ளிருந்தே தின்று வளர்ந்து, வெளியே வந்து பட்டு நூலால் கூடு கட்டும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். சம்பளம் வாங்காத காவல்காரர்.

மற்ற வைத்தியங்கள்

“வேப்பெண்ணெய் அடியேன்டா” என்று அம்மா போனில் சொன்னார். முட்டைக்கோஸ் இலையில் மெழுகுப் பூச்சு உண்டு. தண்ணீர் விட்டுப் பாருங்கள், தாமரை இலைபோல் உருண்டு ஓடும். தெளித்தது ஒட்டுவதே கஷ்டம், ஒட்டினாலும் மறுநாள் இந்த ஊர் மழை கழுவிவிடும். கோழிமுட்டை ஓட்டை வெள்ளைப் பட்டாம்பூச்சி மாதிரி குச்சியில் மாட்டினால் நிஜம் வராது என்றார்கள். ஒரு வருடம் மாட்டினேன். வந்து பக்கத்திலேயே உட்கார்ந்தது.

நஸ்டர்ஷியம் என்ற பூச்செடியை நடுவதை மட்டும் பரிந்துரைப்பேன். அதன் இலையிலும் கடுகுக் காரம் உண்டு, பெரிய வெள்ளை அதிலும் முட்டை இடும். அதனால் வலைக்கு வெளியே, வேலியோரம் நாலு செடி வைத்திருக்கிறேன். பாத்தியில் அகப்படும் மஞ்சள்-கறுப்புப் புழுக்களைக் கொல்ல மனம் வராமல் அங்கே கொண்டுபோய் விடுகிறேன். மகளுக்கு அது பிடித்த வேலை.

சமையலறையில்

எவ்வளவு காத்தாலும் காலிஃபிளவரில் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். நம் வீட்டு வழக்கம்தான்: பூவைப் பிரித்து, உப்பும் மஞ்சள்தூளும் போட்ட வெந்நீரில் பத்து நிமிடம். புழு மேலே மிதக்கும்.

அக்டோபருக்குப் பிறகு பட்டாம்பூச்சி அநேகமாக வராது. ஆனால் வலையை எடுத்துவிடாதீர்கள், குளிர்காலத்தில் பசியோடு புறா வரும். பனி விழுந்த காலையில் மட்டும் போய் வலையை உள்ளிருந்து தட்டிவிடுங்கள். நெருங்கிய வலையில் பனி தேங்கினால் கூண்டே படுத்துவிடும்.