கற்ற பாடத்தை அடுத்த வேலையில் ஏற்றுவது எப்படி? திட்ட மேலாண்மைக்குப் புதியவர்களுக்கு ஒரு செய்முறை

திட்ட மேலாண்மை பற்றிய எந்தப் பயிற்சிக்குப் போனாலும் 'கற்ற பாடங்கள்' என்று ஒரு தலைப்பு வரும். வேலை முடிந்ததும் கூடி உட்கார்ந்து, எது நன்றாக நடந்தது, எது சொதப்பியது என்று எழுதிவைக்கச் சொல்வார்கள். எழுதியும் வைப்போம். அப்புறம் அந்தக் கோப்பை யாரும் திறப்பதில்லை.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். நாசா இதற்கென்றே ஒரு தகவல் களஞ்சியம் வைத்திருந்தது. 1999-ல் செவ்வாய்க்கு அனுப்பிய இரண்டு கலங்களை அடுத்தடுத்து இழந்தது. 2002-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு ஆராய்ந்து பார்த்து, அங்கே பாடங்களைச் சேகரிப்பதும் பகிர்வதும் வழக்கமாக நடப்பதில்லை என்று அறிக்கை கொடுத்தது. களஞ்சியம் இருந்தது, அதைத் திறந்து பார்க்கும் பழக்கம் இல்லை.

அதனால் என் அளவுகோல் ஒன்றுதான்: அடுத்த திட்டத்தின் அட்டவணையிலோ செலவு மதிப்பீட்டிலோ ஒப்பந்தத்திலோ ஒரு வரியாவது மாறியிருக்க வேண்டும். மாறவில்லை என்றால் அந்தப் பாடம் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு போவோம். நீலகிரியில் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்), அரசுப் பள்ளிக்கு மழைநீர்த் தொட்டி கட்டும் வேலை. பெரிய வேலை இல்லை. ஆனால் மலையில் சின்ன வேலைக்கும் மழை, சரிவு, ரோடு, பண்டிகை எல்லாம் குறுக்கே வரும். நீங்கள் செய்வது மென்பொருளோ, விழா ஏற்பாடோ, எதுவானாலும் முறை இதுவேதான்.

படி 1: முதல் நாளே பதிவேட்டைத் திறங்கள்

வேலை முடிந்தபிறகு யோசித்தால் கடைசி மாதத்தில் நடந்ததுதான் நினைவுக்கு வரும். திட்ட மேலாண்மைக்கான சர்வதேச அமைப்பான பி.எம்.ஐ. 2017-ல் வெளியிட்ட வழிகாட்டியும் பாடப் பதிவேட்டைத் திட்டத்தின் ஆரம்பத்திலேயே தொடங்கச் சொல்கிறது. எக்செல் போதும், ஒரு நாற்பது பக்க நோட்டும் போதும். தேதி, எந்த நிலைமையில் நடந்தது, என்ன எதிர்பார்த்தோம், என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை என்ன செய்வது, யார் பொறுப்பு. இவ்வளவுதான் கட்டங்கள்.

தளத்தில் இருப்பவர்கள் எழுத மாட்டார்கள், அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை மேற்பார்வையாளர் உட்கார்ந்து அதைப் பதிவேட்டில் ஏற்றட்டும்.

படி 2: நான்கு கேள்விகள்

அமெரிக்க ராணுவம் 1970-களில் போர்ப் பயிற்சிகளுக்காக உருவாக்கிய முறை இது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் நான்கு கேள்விகள்: என்ன நடக்க வேண்டியிருந்தது? உண்மையில் என்ன நடந்தது? இரண்டுக்கும் ஏன் வித்தியாசம்? அடுத்த முறை எதை அப்படியே வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது? நம் தொட்டி வேலையில் தோண்டி முடித்ததும் ஒரு கூட்டம், அடித்தளம் போட்டதும் ஒன்று, தண்ணீர் நிரப்பிப் பார்த்ததும் ஒன்று. அரை மணி நேரம் போதும்.

யாரை உட்கார வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பொறியாளர் மட்டும் உட்கார்ந்தால் பொறியாளருக்குத் தெரிந்ததுதான் வரும். கொத்தனாரும், லாரி டிரைவரும், கல் மண் சுமந்த அக்காக்களும், தலைமை ஆசிரியரும் வேண்டும். மழை பெய்தால் எந்தப் பக்கமிருந்து தண்ணீர் இறங்கும் என்பது சுமந்து நடந்தவர்களுக்குத்தான் தெரியும்.

"ஏன் லேட்டாச்சு?" என்று ஆரம்பித்தால் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். "மேஸ்திரி அண்ணா, அன்னிக்கு லோடு வந்தப்போ என்ன ஆச்சுன்னு கொஞ்சம் சொல்லுங்க" என்று கேளுங்கள். ஒப்பந்தக்காரர் பக்கத்தில் இருந்தால் கூலிக்கு வந்தவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். அவர்களிடம் டீ நேரத்தில் தனியாகப் பேசுங்கள். சொன்னவர் பெயரைப் பதிவேட்டில் எழுதாதீர்கள்; என்ன நடந்தது என்பது மட்டும் போதும்.

நன்றாக நடந்ததையும் கேட்க மறக்காதீர்கள். பெரிய லாரி ஹட்டிக்குள் திரும்பாது என்று முன்பே தெரிந்து, சிமெண்டை மெயின் ரோட்டில் இறக்கி பிக்கப்பில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள் என்றால், அந்த யோசனை அடுத்தவருக்கும் கிடைக்க வேண்டும்.

படி 3: 'மழை' என்று எழுதி நிறுத்தாதீர்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தோண்டிய குழியின் பக்கவாட்டு மண் சரிந்து வேலை நின்றுவிட்டது. காரணம் என்ன? "மழை" என்பார்கள். மழை வருடா வருடம் வருகிறது. அதை நம்மால் நிறுத்த முடியாது. ஆகவே அது பாடத்துக்கு உதவாத காரணம். இன்னும் கீழே இறங்குங்கள். மழையில் ஏன் சரிந்தது? சரிவின் மேல்பக்கத்துத் தண்ணீர் நேராகக் குழிக்குள் இறங்கியது. ஏன் இறங்கியது? திருப்பிவிட வாய்க்கால் வெட்டவில்லை. ஏன் வெட்டவில்லை? மதிப்பீட்டில் அப்படி ஒரு இனமே இல்லை, அதற்குக் காசு இல்லை. சரி, அக்டோபரில் ஏன் தோண்டினோம்? நிதி வந்தது செப்டம்பர் கடைசியில். வந்த கையோடு தொடங்கிவிட்டோம்.

இப்போது கையில் மாற்றக்கூடிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன: மதிப்பீட்டில் வாய்க்கால், நிதி தாமதமானால் தோண்டுவதைத் தள்ளிப்போடும் முடிவு. நம்மால் மாற்ற முடிந்த ஒன்றைத் தொடும்வரை 'ஏன்' என்று கேட்டுக்கொண்டே இருங்கள். அது ஒரு ஆளின் பெயரில் போய் நின்றால் இன்னும் ஒரு படி இறங்குங்கள். அநேகமாக அதற்குக் கீழே ஒரு விட்டுப்போன அறிவிப்போ, இல்லாத சரிபார்ப்புப் பட்டியலோ இருக்கும்.

படி 4: அந்நியருக்கும் புரியும்படி, நிபந்தனையோடு எழுதுங்கள்

"மழையால் தாமதம். இனி நன்றாகத் திட்டமிட வேண்டும்." இந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. இப்படி எழுதலாம்:

"கோத்தகிரி பக்கம், சரிவான இடம், அக்டோபர் இரண்டாம் பாதி. மேல்பக்க வாய்க்கால் இல்லாமல் தோண்டியதால் குழியின் பக்கச்சுவர் சரிந்தது. இனி: தோண்டுவதற்கு முன் மேல்பக்கத்தில் வாய்க்கால், அடித்தள வேலை செப்டம்பருக்குள்; நிதி தாமதமானால் தோண்டுவது மழைக்குப் பிறகு. பொறுப்பு: தள மேற்பார்வையாளர்."

இடத்தையும் காலத்தையும் ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், நீலகிரியில் ஒரே மாவட்டத்துக்குள் மழை இரண்டு விதம். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் கொட்டும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் பயப்பட வேண்டியது வடகிழக்குப் பருவமழைக்கு. 2009 நவம்பரில் பல உயிர்களைக் கொண்டுபோன நிலச்சரிவுகள் அந்த மழையில்தான் நடந்தன. "ஜூலையில் தோண்டலாம், பிரச்சினை இல்லை" என்ற கோத்தகிரிப் பாடத்தை அப்படியே பந்தலூர் பக்கத்துத் தேவாலாவுக்குக் கொண்டுபோனால் ஆபத்து. நிபந்தனை இல்லாத பாடம் தவறான இடத்தில் போய் உட்காரும்.

படி 5: அடுத்த திட்டத்தில் ஏற்றுங்கள்

புதிய வேலையின் முதல் கூட்டத்தில், அட்டவணை போடுவதற்கு முன்பே பதிவேட்டைத் திறங்கள். இதைக் கூட்டத்தின் முதல் இனமாக வைத்துவிடுங்கள். இந்த வேலைக்குப் பொருந்தும் பாடங்களை மட்டும் பொறுக்கி, ஒவ்வொன்றிடமும் கேளுங்கள்: இது எந்தத் தாளில், எந்த வரியை மாற்றும்?

பிக்கப்பில் மாற்றி ஏற்றிய யோசனை மதிப்பீட்டுக்குப் போக வேண்டும், இரண்டாவது ஏற்று இறக்குக் கூலியாக. டிசம்பர், ஜனவரியில் வரும் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊரே போய்விடும். அது அட்டவணையில் விடுமுறையாகப் பதிய வேண்டும், தேதியை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு. கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட்டு ஆற்றுவது (க்யூரிங்) ஒப்பந்தத்துக்குப் போக வேண்டும்: சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், பி.பி.சி. போன்ற கலப்புச் சிமெண்டுக்கு 10 நாள் என்பது இந்தியத் தர விதி. "பனிதான் இருக்கே, எதுக்குத் தண்ணி?" என்று தளத்தில் கேட்பார்கள். குளிரில் கான்கிரீட் இறுகுவது மெதுவாகும், ஆகவே நாளைக் குறைக்கவே கூடாது. வாய்மொழியாகச் சொன்னால் காற்றில் போகும், ஒப்பந்தத்தில் இருந்தால் கேட்கலாம்.

பத்துப் பாடங்களையும் ஒரே வேலையில் ஏற்றப் பார்க்காதீர்கள். பணத்தையோ பாதுகாப்பையோ அதிகம் தொடும் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளையும் தேதியையும் போடுங்கள். முதல் கட்டம் முடிந்ததும் அந்த மூன்றும் நடந்ததா என்று கேளுங்கள். உயிர் சம்பந்தப்பட்டது மட்டும் எண்ணிக்கைக்குள் அடங்காது, எத்தனை இருந்தாலும் ஏறியே ஆக வேண்டும்.

படி 6: பதிவேட்டைக் களை எடுங்கள்

வருடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பழைய வரிகளை நீக்குங்கள். அட்டவணை மாதிரியிலோ ஒப்பந்த மாதிரியிலோ நிரந்தரமாக ஏறிவிட்ட பாடம் பதிவேட்டில் இருக்க வேண்டியதில்லை. அதே பாடம் இரண்டாவது முறையும் எழுதப்பட்டிருந்தால் அதைச் சிவப்பில் குறியுங்கள். முதல் முறை அதை ஏற்ற வேண்டிய தாளில் யாரும் ஏற்றவில்லை என்று அர்த்தம். எந்தத் தாள் என்று கண்டுபிடித்து அன்றைக்கே ஏற்றுங்கள்.

நிலைமை மாறியதால் காலாவதியான வரிகளும் இருக்கும். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வந்தது. அதற்கு முன் எழுதிய "கோவையிலிருந்து பொறியாளரைக் காலையில் கூப்பிட்டால் மதியம் வந்துவிடுவார்" என்ற வரியை அடித்துவிட்டு, இ-பாஸ் எடுத்தாயிற்றா என்று முந்தைய நாளே கேட்பதை ஆய்வுக்கான சரிபார்ப்புப் பட்டியலில் சேருங்கள்.