முயலின் குதிகால் புண்: மருந்துக்கு முன் தரையைப் பாருங்கள்

நாய்க்கும் பூனைக்கும் உள்ளங்காலில் மெத்தென்ற சதை உண்டு. முயலுக்கு அது கிடையாது. வெளியே அடர்ந்த முடி, அதற்கடியில் மெல்லிய தோல், அதை ஒட்டியே எலும்பு. அவ்வளவுதான். தாவி ஓடும்போது எடை விரல் பக்கம் போய்விடும். உட்கார்ந்துவிட்டால் பின்னங்காலின் விரலிலிருந்து குதிகால் வரை முழுப் பாதமும் தரையில் படியும். முயல் நாளில் பெரும்பகுதி உட்கார்ந்தே இருக்கிற பிராணி. எடை ஒரே இடத்தில் அழுந்த அழுந்த அங்கே ரத்த ஓட்டம் நசுங்கும். முடி உதிரும், தோல் சிவக்கும், பிறகு வெடிக்கும். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு முதுகில் வரும் படுக்கைப் புண்ணும் இதுவும் ஒன்றுதான். படுக்கையை மாற்றாமல் களிம்பு மட்டும் போட்டால் அங்கே என்ன நடக்குமோ, அதுவேதான் இங்கேயும் நடக்கும்.

சந்தையில் செல்லப்பிராணியாக விற்கும் வெள்ளை முயல்களில் பலவும் இறைச்சிக்காக உருவான நியூசிலாந்து வெள்ளை ரகமோ அதன் கலப்போதான். வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும், வளர்ந்தால் நாலைந்து கிலோ தொடும். கூடவே கடைக்காரர் தலையில் கட்டும் கம்பி வலைக் கூண்டு, பண்ணைக் கூண்டின் சின்ன வடிவம். பண்ணையில் கறிக்கு வளர்க்கும் முயல் சில மாதத்தில் விற்றுப் போய்விடும். கால் கெடும் அளவுக்கு அது அந்த வலையில் இருப்பதில்லை. உங்கள் முயல் எட்டுப் பத்து வருடம் வாழப்போகிறது. பண்ணையிலேயே கூட, வருடக்கணக்கில் வைத்திருக்கும் தாய் முயல்களுக்குக் கால் வைத்து இளைப்பாற ஒரு பலகை போட்டிருப்பார்கள்.

காலைத் திருப்பிப் பார்க்கும் முறை

இதற்கு இருவர் வேண்டும். முயலை மல்லாக்கப் போடாதீர்கள். அது பயந்து உதைக்கும் வேகத்தில் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். ஒருவர் தரையில் உட்கார்ந்து, முயலின் முதுகு தன் நெஞ்சில் சாயும்படி அணைத்து, பின்புறத்துக்கு ஒரு கையை முழுதாகத் தாங்கல் கொடுக்க வேண்டும். மற்றவர் பாதத்தின் முடியை விரலால் இரு பக்கமும் விலக்கிப் பார்த்து, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்து செல்போனில் படம் எடுக்க வேண்டும். வாரம் ஒரு படம் போதும். ‘பெரிதாகியிருக்கிறதா, அப்படியேதான் இருக்கிறதா’ என்ற குழப்பம் தீர்ந்துவிடும்.

முடியில்லாத இடமெல்லாம் புண் அல்ல. குதிகால் முனையில் சின்னதாக, வெளிர் ரோஸ் அல்லது சாம்பல் நிறத்தில், உலர்ந்து வழுவழுப்பாக, சுற்றியுள்ள முடி மடிந்து மூடும் அளவில் ஒரு காய்ப்பு பல முயல்களுக்கு உண்டு. அதை அப்படியே விட்டுவிடுங்கள். அந்த இடம் பளிச்செனச் சிவந்திருந்தாலோ, தொட்டால் சூடாக இருந்தாலோ, செதில் உரிந்தாலோ அது தொடக்க நிலை, வீட்டிலேயே சரிசெய்யலாம். தோல் பிளந்து ரத்தம், நீர், பொருக்கு தெரிந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும். பாதம் வீங்கி, வெள்ளையாகத் திரண்ட சீழ் தெரிந்தால் அன்றைக்கே கிளம்புங்கள்.

படம் எடுக்காவிட்டாலும் முயலின் நடத்தையே சொல்லிவிடும். ஒரு காலை மாற்றி மற்றொரு காலைத் தூக்கி வைக்கும், முன்னங்காலில் எடையைப் போட்டுக் குறுகி உட்காரும், தாவுவதைக் குறைக்கும், தூக்கினால் பல்லை நறநறவென்று கடிக்கும். ஒரு காலில் வலி வந்தால் எடை அடுத்த காலுக்குப் போகும், அதுவும் கெடும். அதனால் எப்போதும் இரண்டு பின்னங்காலையும் பாருங்கள்.

முதலில் தரை

கம்பி வலைக் கூண்டுதான் இருக்கிறது, உடனே மாற்ற முடியாது என்றால் தரையில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கை பிளைவுட் பலகையால் மூடுங்கள். வெறும் பலகையும் கடினம்தான், மூத்திரத்தையும் உறிஞ்சி நாறும். அதனால் அதன் மேல் செய்தித்தாள் பத்துத் தாள், அதற்கு மேல் நான்காக மடித்த பழைய பருத்திப் போர்வை, எல்லாவற்றுக்கும் மேலே ஃபிளீஸ் துணி (கம்பளி மாதிரி மெத்தென்ற செயற்கை இழைத் துணி). ஃபிளீஸைக் கடையிலிருந்து வந்ததும் விரித்தால் மூத்திரம் மேலேயே தேங்கும். கம்ஃபர்ட் மாதிரி துணியை மென்மையாக்கும் திரவம் எதுவும் சேர்க்காமல் இரண்டு மூன்று முறை துவைத்த பிறகுதான் ஈரம் கீழே இறங்கி மேல்பக்கம் காய்ந்து நிற்கும். புறங்கையை வைத்துப் பாருங்கள், ஈரம் தட்டினால் மாற்ற வேண்டும். இரண்டு செட் இருந்தால் துவைத்துக் காயவைக்க வசதி.

வீட்டுக்குள் திறந்து விடுபவர்களுக்கு டைல்ஸும் கிரானைட்டும்தான் தொல்லை. வலை அளவுக்கு இல்லை என்றாலும் கடினம், வழுக்கல். வழுக்காமல் இருக்க முயல் குதிகாலை ஊன்றியே நடக்கப் பழகும். மே மாத வெயிலில் டைல்ஸில் நீட்டிப் படுப்பதைத் தடுக்க வேண்டாம். சூடு அதற்கு இன்னும் பெரிய எதிரி. அது வழக்கமாகக் குந்தும் மூலை எது என்று கவனித்து, அங்கே மடித்த துணியும் மேலே சாயம் போடாத கோரைப்பாயும் விரித்தால் போதும். பாயைக் கொறித்தால் கொறிக்கட்டும்.

தென்னை நார் மிதியடி வேண்டாம், அது பாதத்தின் முடியைத் தேய்த்தே எடுத்துவிடும். நைலான் கார்ப்பெட்டும் அப்படித்தான். சணல் சாக்கில் பிரியும் நூல் விரலைச் சுற்றி இறுகும். டர்க்கி டவலின் கண்ணிகளில் நகம் மாட்டும், அதனால் அதை மேல் விரிப்பாகப் போடாதீர்கள். எந்தத் துணியாக இருந்தாலும் முயல் அதைக் கடித்து விழுங்கினால் உடனே எடுத்துவிட்டு, நான்கு விரல் உயரத்துக்கு உலர்ந்த புல் பரப்புங்கள். வைக்கோலும் ஆகும், ஆனால் அதன் அடித்தண்டு குத்தும். மென்மையான மேல்பகுதியை மட்டும் எடுங்கள். பூஞ்சை வாடை வந்தால் வேண்டவே வேண்டாம்.

கழிப்பறைத் தட்டையும் மறக்காதீர்கள். முயல் மணிக்கணக்கில் அதில் உட்கார்ந்து புல் மெல்லும். ஈரமான தட்டில் தோல் ஊறி, முடி சடைபிடித்து, குஷன் போய்விடும். தினமும் மாற்றுங்கள். நீர் பட்டதும் கட்டியாகும் பூனை மணலைப் போடாதீர்கள், விழுங்கினால் குடலை அடைக்கும். தட்டில் படியும் வெள்ளைக் கறையைச் சம அளவு தண்ணீர் கலந்த வினிகரில் அரை மணி ஊறவிட்டால் கரைந்துவிடும்.

வீட்டில் செய்யும் பராமரிப்பு

சிவப்பு மட்டும்தான், தோல் திறக்கவில்லை என்றால் தரையை மாற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வதே நல்லது. தினமும் கழுவினால் தோல் ஊறி இன்னும் கெடும். மூத்திரமோ புழுக்கையோ ஒட்டியிருந்தால் மட்டும் கழுவுங்கள். அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் தூள் உப்பு. வெதுவெதுப்பாக இருக்கட்டும். பாதத்தை மட்டும் நனைத்து, அழுக்கை ஊறவிட்டு, சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள். முயலை முழுசாகக் குளிப்பாட்டவே கூடாது, அதிர்ச்சியிலேயே இறந்துபோகலாம். விரலிடுக்கு வரை காய்ந்த பிறகே கீழே விடுங்கள்.

சடைபிடித்த முடியைக் கத்தரிக்க கை துறுதுறுக்கும். வேண்டாம். பாதத்தின் முடிதான் அதற்குச் செருப்பு. ஊறவைத்து விரலால் பிரித்துவிடுங்கள். பொருக்கையும் பிய்க்காதீர்கள்.

சின்னத் திறந்த புண் என்றால், மருத்துவரிடம் போகும் வரை அதே உப்பு நீரால் காலை, மாலை கழுவி உலர்த்தலாம். போவிடோன் அயோடின் கரைசல் வீட்டில் இருந்தால், வெளிர் தேநீர் நிறம் வரும் வரை தண்ணீர் கலந்து ஒருமுறை ஒற்றலாம். டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு கூடாது. கிருமியோடு புதிதாக வளரும் தோலையும் எரித்துவிடும். மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுவது நம் வீடுகளில் கைவந்த வைத்தியம்தான். இங்கே அது எதிராக வேலை செய்யும்: எண்ணெயில் முடி ஒட்டிக்கொள்ளும், தூசி அப்பும், மிச்சத்தை முயல் நக்கித் தின்னும்.

மெடிக்கல் ஷாப்பில் ‘புண்ணுக்கு ஒரு ஆயின்மென்ட்’ என்று கேட்டு வாங்குவதில்தான் பெரிய ஆபத்து. நம் ஊரில் விற்கும் பல கூட்டுக் களிம்புகளில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், பெக்லோமெத்தசோன் என்று ஏதாவது ஒரு ஸ்டீராய்டு ஒளிந்திருக்கும். முயலின் உடம்புக்கு ஸ்டீராய்டு ஆகாது, புண் ஆறுவதையும் அது தடுக்கும். டியூபின் பின்புறத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள். வாய்வழி ஆன்டிபயாடிக் அதைவிட மோசம். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின் ஆகியவற்றை வாயில் கொடுத்தால் குடலின் நல்ல கிருமிகள் செத்து, முயலும் சில நாளில் போய்விடும். இதைத் தெரியாதவர்கள் முயலை அதிகம் பார்க்காத மருத்துவமனைகளிலும் உண்டு; சீட்டில் அந்தப் பெயர் இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

கட்டுப் போடுவது கடினம், தப்பாகப் போட்டால் போடாததைவிடக் கேடு. இறுகினால் ரத்தம் நிற்கும். மூத்திரத்தில் நனைந்த கட்டு, புண்ணின் மேல் வைத்த ஈரத் துணிதான். மருத்துவர் போடச் சொன்னால் அவர் கையாலேயே ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். புண்ணில் ஒட்டாத டிரெஸ்ஸிங், மெல்லிய பஞ்சு அடுக்கு, தனக்குத்தானே ஒட்டும் பேண்டேஜ் என்பது வரிசை. முடியில் ஒட்டும் பிளாஸ்டர் கூடாது. விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். அவை வீங்கினாலோ குளிர்ந்தாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். தினமும் மாற்றுங்கள், நனைந்தால் அப்போதே.

மருத்துவரிடம்

முயலின் சீழ் தயிர்க்கட்டி மாதிரி கெட்டியாக இருக்கும். பிதுக்கினால் வராது, கிருமி உள்ளேதான் போகும். அடியில் எலும்பு வரை போயிருக்கிறதா என்பதை எக்ஸ்ரே எடுத்தால்தான் சொல்ல முடியும். அதனால் ஆழமான புண்ணுக்கு எக்ஸ்ரே, சீழைச் சோதனைக்கு அனுப்புவது, வலி மருந்து ஆகிய மூன்றையும் நீங்களே கேளுங்கள். வலிக்குப் பெரும்பாலும் மெலாக்சிகாம் கொடுப்பார்கள். அளவு முயலின் எடையைப் பொறுத்தது, வீட்டில் இருக்கும் மனித மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். சென்னையில் என்றால் வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது, நாமக்கல்லிலும் கல்லூரி உண்டு.

தள்ளிப்போட்டால் தொற்று எலும்புக்கு இறங்கும், குதிகால் எலும்பின் மேல் ஓடும் தசைநார் இடம் விட்டு நழுவும். நழுவிவிட்டால் முயல் பழையபடி பாதத்தைத் தூக்கி வைக்காது. எடை மறுபடியும் அதே இடத்தில்தான் விழும்.

வலியில் முயல் சாப்பாட்டை நிறுத்தும். 12 மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் கால் இரண்டாம்பட்சம், குடல்தான் அவசரம்.

எடை, நகம், ஈ

விலாவில் கை வைத்தால் எலும்பு லேசாகத் தட்டுப்பட வேண்டும். சதையைத் தாண்டி விரலை அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு அதிகம். பெல்லட்டை (கடையில் விற்கும் குச்சித் தீவனம்) முயலின் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கொண்டுவாருங்கள். திடீரென நிறுத்தினால் கல்லீரல் கெடும். மீதி வயிற்றை அருகம்புல்லும் கோ-4 புல்லும் நிரப்பட்டும். கேரட்டும் வாழைப்பழமும் இனிப்புப் பண்டக் கணக்குதான். தினமும் மூன்று நான்கு மணி நேரமாவது கூண்டுக்கு வெளியே ஓட விடுங்கள்.

நகம் நீண்டால் விரல் மேலே தூக்கி, எடை முழுக்கக் குதிகாலுக்குப் போகும். முன்னங்காலில் ஐந்தைந்து, பின்னங்காலில் நான்கு நான்கு, மொத்தம் 18. நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை, உள்ளே தெரியும் ரத்தக்குழாய்க்கு 2 மி.மீ. முன்னால் வெட்டுங்கள். கறுப்பு நகமென்றால் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ரத்தம் வந்தால் கொஞ்சம் சோளமாவை அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

மழைக்காலத்தில் திறந்த புண் இருந்தால் ஈ முட்டையிடும், ஒரே நாளில் புழு வரும். காலையும் மாலையும் பாதத்தோடு ஆசனவாய்ப் பக்கமும் பாருங்கள். ஒரு புழு தெரிந்தாலும் இரவென்று பார்க்காமல் மருத்துவரிடம் தூக்கிச் செல்ல வேண்டும்.

சிவப்பு சில வாரத்தில் அடங்கும். திறந்த புண் மாதக்கணக்கில் இழுக்கும். ஆறின இடத்தில் முடி மறுபடி முளைக்காமலே போகலாம். காய்ப்பு மட்டும் நிற்கும். அந்த முயலுக்கு விரிப்பை எப்போதும் எடுக்கக் கூடாது. வாரப் படம் மட்டும் மாதப் படமாகலாம்.