நாடி சுத்தி: மாத்திரையை ஏற்றுவது ஆசிரியர் வேலை

நாடி சுத்தி என்பது இரண்டு நாசியிலும் மாறி மாறி மூச்சை இழுத்து விடும் பிராணாயாமம். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பிராணாயாமத்துக்கு ஒரு கணக்கு வருகிறது. ‘ஏறுதல் பூரகம் ஈரெட்டு வாமத்தால்’ என்று தொடங்கும் பாட்டு. மாத்திரை என்பது மூச்சை அளக்கும் கால அளவு. இடது நாசியில் 16 மாத்திரை இழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரையில் விடுவது. மாத்திரைக்கு ஒரு விநாடி என்று வைத்தாலும் ஒரு மூச்சுக்கு 112 விநாடி ஆகும். இரண்டு பக்கமும் சேர்த்து 12 சுற்று செய்தால் முக்கால் மணி நேரம். இதைப் படித்த மறுநாளே மூச்சை அடக்க உட்காருபவர்கள் இருக்கிறார்கள். சில நாளில் தலைபாரம், படபடப்பு, எதற்கெடுத்தாலும் எரிச்சல், ராத்திரி தூக்கம் வராமல் புரளுவது என்று வந்து நிற்பார்கள். 16-64-32 என்பது கடைசிப் படி. முதல் படி 4-க்கு 4, அதாவது 4 மாத்திரை இழுத்து 4 மாத்திரையில் விடுவது. நடுவில் எந்தப் படியில் எத்தனை நாள் நிற்பது என்று சொல்லத்தான் ஆசிரியர் வேண்டும்.

ஆசிரியரைத் தேடும்போது முதல் சந்திப்பில் அவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, கண் அழுத்த நோய், குடலிறக்கம், கர்ப்பம், சாப்பிடும் மருந்துகள், தூக்கம் எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டும். இவற்றில் எது இருந்தாலும் கும்பகம், அதாவது மூச்சை நிறுத்தும் பாடம், தரமாட்டேன் என்பவர் நம்பத் தகுந்தவர். முதல் நாளே நாற்பது பேரை உட்காரவைத்துக் கும்பகம் சொல்லிக்கொடுக்கும் இடத்திலிருந்து மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். சென்னையில் பல பத்தாண்டுகள் கற்பித்து 1989-இல் மறைந்த யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார், ஆளுக்கு ஆள் பாடத்தை மாற்றித் தனித்தனியாகக் கற்பித்தவர். அப்படித் தனியாகப் பார்ப்பவர் கிடைத்தால், முதல் மாதம் வாரம் ஒரு முறையும் பிறகு மாதம் ஒரு முறையும் நேரில் போனால் போதும். கேள்வி கேட்டால் கோபப்படுபவர், இவ்வளவு கட்டினால் தீட்சை என்பவர், கேட்காமல் உடம்பைத் தொட்டுத் திருத்துபவர் யாரானாலும் வேண்டாம். தட்சணை என்பது வெற்றிலை பாக்கு, பழத்தோடு உங்களால் முடிந்தது.

ஆசனம் நிலைத்த பிறகே பிராணாயாமம் என்பது பதஞ்சலி வைத்த வரிசை. பதினைந்து நிமிடம் அசையாமல் உட்கார முடியாதவருக்கு மூச்சுப் பாடம் வீண். தரையில் கோரைப்பாய், அதன்மேல் நாலாக மடித்த ஜமுக்காளத்தை இருக்கைக்கு அடியில் மட்டும் வையுங்கள். இரண்டு முதல் நான்கு அங்குலம் உயரம் வேண்டும். முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருந்தால் சரி. முழங்கால் மேலே தூக்கிக்கொண்டிருந்தால் இடுப்பு பின்னால் சரிந்து முதுகு கூனும், வயிறு மடியும், மூச்சு மேல்மார்போடு நின்றுவிடும். பத்மாசனம் வராதவர் சுகாசனத்திலோ நாற்காலியிலோ உட்காரலாம், குறைவு ஒன்றும் இல்லை. விடியற்காலை வெறும் வயிறு நல்லது. மாலையில் என்றால் சாப்பிட்டு நான்கு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். காபி குடித்துவிட்டு உட்காராதீர்கள், துடிப்பு எதனால் ஏறியது என்று உங்களுக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது.

வலது கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் உள்ளங்கைக்குள் மடக்குங்கள். கட்டைவிரல் வலது நாசிக்கு, மோதிரவிரலும் சுண்டுவிரலும் சேர்ந்து இடது நாசிக்கு. மூக்கு எலும்பு முடிந்து மெத்தென்று தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே விரலை வைத்து லேசாக அழுத்தினால் போதும். நுனியில் நசுக்கினால் நடுத்தண்டு சாய்ந்து திறந்த நாசியும் பாதி அடைபடும். முழங்கையைத் தூக்கிப் பிடிக்காதீர்கள், தோள் ஏறும், கழுத்து இறுகும். நாலாவது சுற்றுக்குள் தலை தானாக வலப்பக்கம் திரும்பியிருக்கும். இது செய்பவருக்குத் தெரியவே தெரியாது. எதிரில் உட்கார்ந்து பார்ப்பவர்தான் சொல்ல முடியும்.

மூச்சை முழுக்க விட்டுவிட்டுத் தொடங்குங்கள். இடதில் உள்ளே, வலதில் வெளியே, வலதில் உள்ளே, இடதில் வெளியே. இது ஒரு சுற்று. முதல் இரண்டு வாரம் 4-க்கு 4, ஆறு சுற்று. பிறகு 4-க்கு 6, 4-க்கு 8, 5-க்கு 10, 6-க்கு 12 என்று வெளிமூச்சு இரட்டிப்பாகும்வரை மெல்ல ஏற்றிக்கொண்டு போவார்கள். சுற்றும் பன்னிரண்டாகும். இதற்கே சில மாதம் பிடிக்கும். அதன்பின்தான் கும்பகம், அதுவும் முதலில் இழுத்த அளவுக்குச் சமமாக, பிறகு இரு மடங்காக. மூல பந்தம், உட்டியாண பந்தம், ஜாலந்தர பந்தம் என்று அடிப்பகுதி, வயிறு, தொண்டை ஆகியவற்றை இறுக்கும் மூன்று பூட்டுகளையும் நேரில் காட்டித் தரும்வரை தொடாதீர்கள். சில மரபுகளில் எண்ணுக்குப் பதில் மந்திரத்தை மனதில் சொல்லி அளப்பார்கள். எந்த மந்திரம் என்பதையும் அவர்தான் தருவார்.

அளவு மிஞ்சிவிட்டதா என்று கண்டுபிடிக்க, அடுத்த மூச்சைப் பாருங்கள். அது வெடுக்கென்று ஓடி வந்தால் முந்தைய மூச்சு உங்கள் சக்திக்கு மீறியது. மறுநாள் ஒரு படி இறங்குங்கள். இறங்குவதற்கு யார் அனுமதியும் வேண்டாம். காதில் ரீங்காரம், தலைபாரம், படபடப்பு வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள். நெஞ்சு வலித்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தினமும் ஒரு வரி எழுதிவைக்கச் சொல்வது ஆசிரியருக்காகத்தான். ‘இன்று நன்றாக இருந்தது’ என்பதை வைத்துக்கொண்டு அவர் எதையும் செய்ய முடியாது. ‘செவ்வாய், 5.10 மணி. 6-க்கு 12, எட்டுச் சுற்று. ஐந்தாவதில் இடது அடைப்பு. வெளிமூச்சின் கடைசி இரண்டு மாத்திரை தள்ளித் தள்ளி வந்தது. முந்தைய இரவு 11 மணிக்குச் சாப்பாடு’ என்று இருந்தால், எண்ணைத் தொடாமல் ராத்திரிச் சாப்பாட்டை முன்னால் தள்ளச் சொல்வார்.

இதை ஆன்மிக வழியாக எடுத்துக்கொண்டவருக்குப் பாயில் உட்காரும் அரை மணி நேரம் பாடத்தில் ஒரு பகுதிதான். பிராணாயாமத்துக்கு முன்பே திருமூலர் இயமத்தை, அதாவது ஒழுக்க விதிகளை, சொல்லிவிடுகிறார்: கொல்லாமை, பொய் கூறாமை, களவின்மை, பகிர்ந்துண்ணல் என்று அந்தப் பட்டியல் போகும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடிக்க முயன்றால் ஒன்றும் நிற்காது. மாதத்துக்கு ஒன்று கேட்டு வாங்குங்கள். பொய் கூறாமையை எடுத்தவர் அன்றைக்குச் சொன்ன பொய்களை, போனில் ‘வந்துகொண்டே இருக்கிறேன்’ என்றது உட்பட, அதே நோட்டில் எழுதட்டும். மனம் ஏன் அலைந்தது என்பதற்குப் பல நாள் பதில் அங்கேயே கிடைக்கும். சாப்பாட்டில் அரை வயிறு அன்னம், கால் வயிறு தண்ணீர், கால் வயிறு காலி என்பது பழைய அளவு.

காய்ச்சலாலோ பயணத்தாலோ பத்து நாள் விட்டுப்போனால் நிறுத்திய எண்ணில் தொடராதீர்கள். 4-க்கு 4-இல் தொடங்கிப் பழைய எண்ணுக்கு ஒரு வாரத்தில் மெல்ல வந்துவிடலாம். சளி பிடித்து ஒரு நாசி முழுக்க அடைத்திருக்கும் நாளில் விரலே வைக்க வேண்டாம். அதே நேரத்தில் அதே பாயில் உட்கார்ந்து, இரண்டு நாசியிலும் இயல்பாக வந்து போகும் மூச்சைப் பார்த்துக்கொண்டிருங்கள். நோட்டில் ‘சளி, பார்த்தல் மட்டும்’ என்று எழுதிவிடுங்கள்.