ஹாய் வான் கணவாய்ல குரூப்பா பைக் ஓட்டறவங்களுக்கு

வியட்நாம்ல ஹூவே டு டா நாங் பைக்ல போறீங்கன்னா ஹாய் வான் கணவாய் ஏறுறது ஈசி தாங்க, உச்சியே கிட்டத்தட்ட 500 மீட்டர் தான். இறக்கத்துல தான் கவனம், பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா சூடாகி பிடிக்காம போயிடும், அதனால கியர் வண்டியா எடுத்து ரெண்டாவது கியர்லயே இறக்குங்க. 2005ல சுரங்கப்பாதை வந்ததும் லாரி எல்லாம் பெரும்பாலும் அதுல போயிடுது, ஆனா பெட்ரோல் டேங்கர் இன்னும் மலை மேல தான் வரும். அங்க வலது பக்க டிரைவிங் வேற, நிறுத்தி திரும்ப கிளம்பும்போது நம்ம கை பழக்கத்துல இடது பக்கம் போயிடும், தயவுசெஞ்சு பாத்துக்கோங்க. குரூப்ல ஒவ்வொருத்தரும் கண்ணாடில பின்னாடி வர்ற வண்டிய பாத்துக்கிட்டே போங்க, காணோம்னா உடனே ஸ்லோ பண்ணுங்க, கடல் தெரியுதுன்னு வளைவுல மட்டும் நிறுத்தாதீங்க.